எல்லாம் தெரிந்த சி.இ.ஓ-வுக்கு எதுக்கு 'கோச்'? கம்பெனிகள் காசு கொட்டும் எக்ஸிகியூட்டிவ் கோச்சிங்... உண்மையிலேயே பலன் இருக்கா? - முழு விளக்கம்

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை 7.5 - 6.5 என்ற கணக்கில் வீழ்த்தி, 18 வயதிலேயே உலக செஸ் சாம்பியன் ஆனார் நம்ம சென்னைப் பையன் குகேஷ். அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த குழுவில் இரண்டு பேரைக் கவனிக்க வேண்டும். ஒருவர் போலந்தைச் சேர்ந்த கிராண்ட் மாஸ்டர் கயேவ்ஸ்கி. எந்த ஓப்பனிங் ஆடலாம், எதிராளி என்ன வைத்திருப்பார் என்பதெல்லாம் அவர் ஏரியா. இன்னொருவர் தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன். 2011-ல் தோனி தலைமையிலான அணி உலகக் கோப்பையைத் தூக்கியபோது இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்த அதே மனப்பயிற்சியாளர். இவர் செஸ் வீரரே கிடையாது!

உலகத்திலேயே சிறந்த செஸ் வீரராகப் போகிறவருக்கு, செஸ் ஆடாத ஒருவர் என்ன சொல்லித் தர முடியும்? முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டு, மறுநாள் அதே நாற்காலியில் அதே ஆளுக்கு எதிராக உட்கார வேண்டும் பாருங்கள், அந்த இடத்தில்தான் அவருக்கு வேலை. காய் நகர்த்துவதற்கு ஒரு கோச், காய் நகர்த்தும் ஆளுக்கு ஒரு கோச்.

இந்த இரண்டாவது வகை கோச்தான் இப்போது கார்ப்பரேட் ஆபீஸ்களின் மேல்மாடிகளில் உட்கார்ந்திருக்கிறார். சி.இ.ஓ, டைரக்டர், டெலிவரி ஹெட், பிளான்ட் மேனேஜர் என்று பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்கு தனியாக ஒரு கோச். இதன் பெயர் எக்ஸிகியூட்டிவ் கோச்சிங். தமிழ்நாட்டில் கோச்சிங் என்றாலே நீட், டி.என்.பி.எஸ்.சி. சென்டர்தான் ஞாபகம் வரும். இது அது இல்லை. இங்கே சிலபஸ் கிடையாது, டெஸ்ட் கிடையாது, மார்க்கும் கிடையாது.

அப்போ என்னதான் நடக்குது? கம்பெனி ஏன் இதற்குப் பணம் கட்டுது? உங்க ஆபீஸில் "உங்களுக்கு ஒரு கோச் ஏற்பாடு பண்ணியிருக்கோம்" என்று எச்.ஆர். சொன்னால் சந்தோஷப்படணுமா, பயப்படணுமா? பார்க்கலாம்.

அதென்ன எக்ஸிகியூட்டிவ் கோச்சிங்?

முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கன்சல்டன்ட் வந்தால் "இதைச் செய்யுங்க" என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டுப் போவார். டிரெய்னர் முப்பது பேரை ஹாலில் உட்காரவைத்து எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்துவார். மென்டர் என்பவர் அதே துறையின் சீனியர், "நான் உங்க இடத்துல இருந்தப்போ..." என்று தன் அனுபவத்தைச் சொல்வார். மனநல நிபுணர் மனதுக்குள் இருக்கும் காயத்துக்குச் சிகிச்சை தருவார்.

கோச் இந்த நான்கையும் செய்யமாட்டார். அவர் கவனிப்பார், கேள்வி கேட்பார், நீங்கள் சொன்னதையே உங்களுக்குத் திருப்பிக் காட்டுவார். பதிலைக் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தான். 'இதுக்கு எதுக்கு ஃபீஸ்?' என்று தோன்றும். நியாயமான சந்தேகம்தான்.

இந்த முறை பிறந்ததே விளையாட்டு மைதானத்தில். 1974-ல் அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் டிமோத்தி கால்வே ஒரு புத்தகம் எழுதினார். எதிரில் இருக்கும் வீரரைவிட மண்டைக்குள் ஓடும் குரல்தான் பெரிய எதிராளி என்பது அதன் சாரம். அதைக் கம்பெனிகளுக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் பிரிட்டனின் ஜான் விட்மோர். அவர் ஒரு கார் ரேஸ் வீரர்! 1992-ல் வெளியான அவருடைய புத்தகம் பிரபலமாக்கிய நான்கு கேள்விகள் இன்றைக்கும் கோச்களின் அடிப்படைக் கருவி: என்ன வேணும்? இப்போ நிலைமை என்ன? என்னென்ன வழி இருக்கு? எதைச் செய்யப் போறீங்க?

தேர்ந்த டாக்டருக்கே கோச் - நடந்தது என்ன?

இந்த விஷயம் புரிய ஆபீஸைவிட ஆபரேஷன் தியேட்டர்தான் நல்ல இடம். அமெரிக்காவின் பாஸ்டனில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தவர் அதுல் கவாண்டே. இந்திய வம்சாவளி. எழுத்தாளரும்கூட. எட்டு வருட அனுபவம், 2,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள். ஆரம்ப காலத்தில் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்த சிக்கல்கள், ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிட்டன. இனிமேல் இவ்வளவுதானா என்று யோசித்தவருக்கு ஒன்று உறைத்தது. டென்னிஸ் உலகின் நம்பர் ஒன் வீரர் கோச் வைத்திருக்கிறார். ஓபரா பாடகர்கள் வைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் மட்டும் படிப்பு முடிந்ததும் 'இனி நானே பார்த்துக்குவேன்' என்று ஏன் இருக்கிறார்கள்?

தனக்குப் பயிற்சிக் காலத்தில் சொல்லிக்கொடுத்த, ஓய்வு பெற்ற சர்ஜன் ராபர்ட் ஆஸ்டீனைக் கூப்பிட்டார். "தியேட்டருக்கு வந்து சும்மா நின்னு பாருங்க" என்பதுதான் கோரிக்கை. தைராய்டு ஆபரேஷன். எல்லாம் நன்றாகவே முடிந்தது. குறை சொல்ல ஒன்றும் இருக்காது என்றுதான் கவாண்டே நினைத்தார்.

ஆஸ்டீன் கையில் ஒரு குறிப்பு நிறைய விஷயம் இருந்தது! நோயாளி மேல் துணி விரிக்கும்போது கவாண்டேவுக்கு வசதியாக விரித்திருந்தார்; எதிர்ப்பக்கம் நின்று உதவி செய்பவருக்குக் கை நகர்த்த இடமே இல்லை. சில நேரம் கவாண்டேவின் முழங்கை தோள் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. கை அந்தரத்தில் இருந்தால் துல்லியம் குறையும், அப்படி ஏறினால் நிற்கிற இடத்தை மாற்றணும் அல்லது கருவியை மாற்றணும் என்று அர்த்தம். இன்னொன்றுதான் தூக்கிவாரிப் போடும் ரகம். மேலே இருக்கும் விளக்கு நகர்ந்துபோய், கிட்டத்தட்ட அரை மணி நேரம் அறுத்த இடத்தின்மேல் நேரடி வெளிச்சமே விழவில்லை. சுற்றி இருந்த பரப்புகளில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தில் வேலை பார்த்திருக்கிறார். அவருக்குத் தெரியவே இல்லை.

அந்த இருபது நிமிடப் பேச்சில் கிடைத்தது, அதற்கு முந்தைய ஐந்து வருடங்களில் கிடைத்ததைவிட அதிகம் என்று 2011-ல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதினார் கவாண்டே. கோச் வந்த பிறகு சிக்கல்கள் மறுபடி குறைய ஆரம்பித்ததாகவும், ஆனால் அது தற்செயலா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல இன்னும் காலம் வேண்டும் என்றும் நேர்மையாகக் குறிப்பிட்டார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்று நம்ம ஊரில் சொல்வோமே, அதுதான். அந்தத் தியேட்டரில் இருந்த நர்ஸுக்கும் அசிஸ்டென்ட்டுக்கும் துணியோ விளக்கோ கண்ணில் பட்டிருக்கலாம். ஆனா பெரிய டாக்டரிடம் யார் போய்ச் சொல்வது?

மேலே போகப் போக உண்மை சொல்ல ஆள் குறையும்!

ஜூனியராக இருக்கும்போது தப்பு செய்தால் அன்றைக்கே திட்டு விழும். மேனேஜர் ஆனால் கொஞ்சம் சுற்றிவளைத்துச் சொல்வார்கள். தலைமைப் பொறுப்புக்குப் போய்விட்டால் உங்கள் ஜோக்குக்கு எல்லோரும் சிரிப்பார்கள், உங்கள் யோசனைக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். கீழே இருப்பவருக்கு அப்ரைசல் பயம். பக்கத்தில் இருப்பவர் போட்டியாளர். மேலே இருப்பவரிடம் "எனக்கு இது தெரியலை" என்று சொன்னால் பதவிக்கே ஆபத்து. வீட்டில் சொல்லலாம்தான், ஆனால் அவர்களுக்கு ஆபீஸ் அரசியலின் முழுப் பின்கதையும் சொல்ல ஒரு வெப் சீரிஸ் நேரம் ஆகும்.

இது புது ஞானம் ஒன்றும் இல்லை. திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. கண்டித்துச் சொல்ல ஆள் இல்லாத மன்னனைக் கெடுக்க எதிரியே தேவையில்லை, அவனே கெட்டுப்போவான் என்பது அதில் வரும் கருத்து. அந்தக் காலத்து 'இடிப்பார்' வேலையைத்தான் இந்தக் காலத்து கோச் செய்கிறார். என்ன, கொஞ்சம் மென்மையாக இடிப்பார்.

2013-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பங்கேற்ற ஒரு சர்வேயில், சி.இ.ஓ-க்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு வெளியிலிருந்து எந்த கோச்சிங்கும் ஆலோசனையும் கிடைப்பதில்லை என்று தெரியவந்தது. அதே நேரம், கருத்து சொன்னால் மாற்றிக்கொள்ளத் தயார் என்று எல்லோருமே சொல்லியிருந்தார்கள். கேட்கத் தயாராக இருக்கிறார்கள், சொல்ல ஆள் இல்லை. அவர்கள் அதிகம் கவலைப்பட்ட திறமை எது தெரியுமா? கணக்கு வழக்கு இல்லை, டெக்னாலஜி இல்லை. ஆட்களுக்குள் வரும் மோதலைக் கையாள்வது.

கூகுளைக் காப்பாற்றிய 'தோற்ற' கோச்

எக்ஸிகியூட்டிவ் கோச்சிங் பற்றிப் பேசினால் பில் கேம்ப்பெல் பெயர் வராமல் இருக்காது. ஆச்சரியம் என்னவென்றால், இவர் நிஜமாகவே விளையாட்டு கோச்சாக இருந்து தோற்றவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்க கால்பந்து அணிக்கு 1974 முதல் 1979 வரை பயிற்சியாளர். 12 வெற்றி, 41 தோல்வி, ஒரு டிரா. அந்த வேலைக்குத் தேவையான கறார் மனசு தன்னிடம் இல்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். அப்புறம் விளம்பரம், கோடாக், ஆப்பிள் என்று போய், இன்ட்யூட் நிறுவனத்தின் சி.இ.ஓ ஆனார்.

2001-ல் எரிக் ஷ்மிட் கூகுளில் சேர்ந்தார். ஏற்கெனவே நோவெல் கம்பெனியில் சி.இ.ஓ-வாக இருந்தவர். கூகுளின் இயக்குநர் குழுவில் இருந்த முதலீட்டாளர் ஜான் டோர், "நீங்க ஒரு கோச் வெச்சுக்கணும்" என்றார். ஷ்மிட்டுக்குக் கோபம்தான் வந்தது. நானே அனுபவசாலி, எனக்கு எதுக்கு? நான் ஏதாவது தப்பா பண்றேனா? என்று யோசித்ததாகப் பின்னர் அவரே சொல்லியிருக்கிறார். எட்டு வருடம் கழித்து, 2009-ல், வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த சிறந்த அறிவுரை எது என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் அதே அறிவுரைதான்.

நடுவில் என்ன நடந்தது? ஒரு சம்பவம் போதும். 2004 கோடையில், கூகுள் பங்குச் சந்தைக்கு வரப்போகும் நேரம். ஷ்மிட் சேர்மன், சி.இ.ஓ என்று இரண்டு பதவியில் இருந்தார். சேர்மன் பதவியை மட்டும் விட்டுவிடச் சொன்னது இயக்குநர் குழு. அவமானமாக உணர்ந்த ஷ்மிட், கம்பெனியை விட்டே போய்விடலாமா என்று யோசித்தார். கேம்ப்பெல் அவரிடம் பேசினார். நீங்க போக முடியாது, டீமுக்கு நீங்க தேவை. கௌரவத்தை இப்போதைக்கு ஓரமா வைங்க, சேர்மன் பதவி திரும்பி வர நான் பார்த்துக்கிறேன் என்பதுதான் பேச்சின் சாரம். ஷ்மிட் இருந்தார். 2004 ஆகஸ்டில் கூகுள் பங்குச் சந்தைக்கு வந்தது. 2007-ல் சேர்மன் பதவியும் திரும்ப வந்தது.

யோசித்துப் பாருங்கள். பங்கு வெளியீட்டுக்கு முன் சி.இ.ஓ கோபித்துக்கொண்டு கிளம்பியிருந்தால்? கோச்சிங்கால் கம்பெனிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. எந்த எக்செல் ஷீட்டிலும் வராத லாபம் இது, நடக்காமல் போன ஒரு நஷ்டம்.

இன்னொரு சம்பவம். 2001-ல் கூகுள் நிறுவனர் லாரி பேஜ், இன்ஜினியர்களுக்கு மேனேஜரே வேண்டாம் என்று எடுத்துவிட்டார். கேம்ப்பெல் வாக்குவாதம் செய்யவில்லை. இன்ஜினியர்களையே கேட்டுப் பார்க்கலாம் என்றார். கேட்டால், மேனேஜர் வேண்டும் என்றுதான் அவர்கள் சொன்னார்கள்! கற்றுக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், இழுபறி வந்தால் முடிவெடுக்க ஒரு ஆள் வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சைக்கும் கேம்ப்பெல்தான் கோச். இந்த வாரம் எத்தனை இழுபறியைத் தீர்த்து வைத்தாய் என்று தன்னிடம் கேம்ப்பெல் கேட்பது வழக்கம் என பிச்சை சொல்லியிருக்கிறார். இரண்டு டீம் முட்டிக்கொண்டு நிற்கும்போது, மேலே இருப்பவர் நல்லபேர் கெடக்கூடாது என்று முடிவைத் தள்ளிப்போட்டால் மொத்த வேலையும் நிற்கும். அதைத்தான் அந்தக் கேள்வி குத்திக் காட்டுகிறது. 2016-ல் கேம்ப்பெல் மறைந்தார். ஷ்மிட் உள்ளிட்ட மூன்று பேர் சேர்ந்து 2019-ல் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள்.

பிற்பாடு கூகுள் தன் மேனேஜர்களையே ஆராய்ச்சி செய்தது. நல்ல மேனேஜருக்கு உள்ள எட்டு குணங்களைப் பட்டியல் போட்டதில், முதல் இடம் 'நல்ல கோச்சாக இருப்பது'. டெக்னிக்கல் அறிவு எட்டாவது இடம், அதாவது கடைசி! கோடிங்கில் புலி என்பதற்காகவே டீம் லீட் ஆக்கப்பட்டவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

உள்ளே உட்கார்ந்தால் என்ன நடக்கும்?

பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை, ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம். ஆரம்பத்தில் கோச் உங்களோடு மட்டும் பேசமாட்டார். உங்கள் மேலதிகாரி, சக அதிகாரிகள், உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்கள் என்று பலரிடமும் பேர் வெளியே வராதபடி கருத்து கேட்பார். அதைத் தொகுத்து உங்கள் முன்னால் வைக்கும் நாள்தான் பலருக்கும் கஷ்டமான நாள்.

ஒரு உதாரணம், கற்பனைதான். ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனி. புதிதாக டெலிவரி ஹெட் ஆன ஒரு பெண் அதிகாரி. அபார உழைப்பாளி. இரவு 11 மணிக்கும் மெயில் போடுவார். ஆனால் டீமில் இருந்து நல்ல ஆட்கள் ஒவ்வொருவராக பேப்பர் போடுகிறார்கள். கோச்சிடம் வருகிறார்.

"டீம்ல யாருக்குமே பொறுப்பு இல்ல சார். எல்லாத்தையும் நானே பார்க்க வேண்டியிருக்கு."

"சரிங்க மேடம். கடைசியா டீம்ல ஒருத்தர் சொன்ன ஐடியாவ, ஒரு வார்த்தைகூட மாத்தாம 'செய்ங்க'ன்னு விட்டது எப்போ?"

நீண்ட மௌனம்.

"...மாத்தாமன்னா?"

இந்த இடத்தில் நல்ல கோச் வாயைத் திறக்கமாட்டார். அந்த மௌனத்துக்குத்தான் ஃபீஸ் என்று சொன்னாலும் தப்பில்லை. பிரபல அமெரிக்க கோச் மார்ஷல் கோல்ட்ஸ்மித், வெற்றி பெற்றவர்களின் கெட்ட பழக்கங்கள் என்று இருபது விஷயங்களைப் பட்டியலிட்டிருக்கிறார். அதில் ஒன்று இதுதான். ஜூனியர் நல்ல யோசனை சொன்னதும் "நல்லாருக்கு, ஆனா இப்படிப் பண்ணினா இன்னும் நல்லாருக்கும்" என்று சேர்ப்பது. யோசனையின் தரம் 5 சதவீதம் கூடலாம், ஆனால் அதைச் செய்து முடிக்கும் ஆர்வம் பாதியாகிவிடும் என்பது அவர் சொல்லும் கணக்கு. அளந்து எடுத்த புள்ளிவிவரம் இல்லை, புரிவதற்காகச் சொன்னது. ஏன்னா அது இனி அவன் யோசனை இல்லை, உங்க யோசனை.

நம்ம உதாரணத்து அதிகாரி அடுத்த சந்திப்புக்குள் செய்ய வேண்டிய வேலை ரொம்ப சின்னது. மூன்று மீட்டிங்கில் கடைசியாகப் பேசணும். அவ்வளவுதான். ஒரு பழக்கம், ஒரு காலக்கெடு, முடிந்ததா இல்லையா என்று சக ஊழியர்களிடமே கேட்பது. கோச்சிங் பெரும்பாலும் இந்த மாதிரி சின்ன விஷயங்களாகத்தான் நகரும். கோல்ட்ஸ்மித் ஒரு படி மேலே. ஆள் மாறினாரா என்பதை அவரைக் கேட்காமல், அவரைச் சுற்றி இருப்பவர்களைக் கேட்டு, 'ஆமாம் மாறிட்டார்' என்றால் மட்டுமே ஃபீஸ் வாங்குவார்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கோச்சிங் விளம்பரங்களில் '529 சதவீத லாபம்', 'போட்ட பணம்போல் 5.7 மடங்கு' என்றெல்லாம் பார்க்கலாம். இந்த எண்கள் ஏதோ வானத்திலிருந்து விழுந்தவை இல்லை, 2001-ல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில் இருந்து வந்தவை. ஆனா கணக்கு எப்படிப் போட்டார்கள்? கோச்சிங் எடுத்த அதிகாரிகளிடமே 'உங்களுக்கு எவ்வளவு லாபம் வந்திருக்கும்?' என்று கேட்டுப் போட்ட கணக்கு. ஹோட்டலில் சாப்பிட்டவரிடம் கேட்டு பில் போடுகிற மாதிரி. இன்னொரு பிரபலமான எண், டிரெய்னிங்கோடு கோச்சிங் சேர்த்தால் உற்பத்தித்திறன் 88 சதவீதம் கூடும் என்பது. 1997-ல், ஒரே ஒரு பொதுத்துறை அமைப்பில், வெறும் 31 மேனேஜர்களை வைத்து எடுக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க கோச்சிங் எடுக்காத குழுவும் இல்லை. இந்த எண்களைக் காட்டி யாராவது பேக்கேஜ் விற்றால் கொஞ்சம் உஷாராகுங்கள்.

அப்போ பலனே இல்லையா? இருக்கு. அளவாக இருக்கு. 2014-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 18 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். வேலைத் திறன், மன நலம், அழுத்தத்தைச் சமாளிப்பது, வேலை மீதான ஈடுபாடு, இலக்கு வைத்து அதை நோக்கிப் போவது என்று பார்த்த ஐந்திலும் பலன் தெரிந்தது. இலக்கு விஷயத்தில்தான் அதிகம். அதற்கு முன்பே, 2003-ல், ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் 1,361 மூத்த மேனேஜர்களை வைத்து நடந்த ஆய்வில், கோச் வைத்தவர்கள் தெளிவான இலக்கு வைத்ததும், மேலதிகாரியிடம் மேம்பட யோசனை கேட்டதும் அதிகம் என்று தெரிந்தது. மற்றவர்கள் அவர்களுக்குக் கொடுத்த மதிப்பெண்ணும் கூடியது, கொஞ்சமாக. இது சுய சர்டிஃபிகேட் இல்லை, அடுத்தவர் கொடுத்த மார்க் என்பதால் எனக்கு இந்தச் சின்ன எண் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

2016-ல் வந்த இன்னொரு தொகுப்பு ஆய்வில் கம்பெனிகளுக்குப் பயன்படும் விஷயம் ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கோச்சைவிட, அதே நிறுவனத்துக்குள் பயிற்சி பெற்ற கோச்சால் கிடைத்த பலன் அதிகமாக இருந்தது. நேரில் பேசினாலும், ஆன்லைனும் கலந்து பேசினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சந்திப்புகளின் எண்ணிக்கையும் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதாவது, விலை உயர்ந்த வருடாந்திர பேக்கேஜ்தான் வேலை செய்யும் என்று அவசியமில்லை.

எங்கே சொதப்பும்?

பணம் கட்டுவது கம்பெனி, மனசைத் திறப்பது ஊழியர். சிக்கலே இங்கேதான். நீங்கள் கோச்சிடம் "வேற வேலை தேடலாமான்னு யோசிக்கிறேன்" என்று சொன்னது நாளைக்கு எச்.ஆர். காதுக்குப் போனால்? அதனால் ஆரம்பத்திலேயே நீங்கள், கோச், நிறுவனம் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும். என்ன இலக்கு, எத்தனை சந்திப்பு என்பது மூவருக்கும் தெரியலாம். அறைக்குள் என்ன பேசப்பட்டது என்பது வெளியே போகக்கூடாது. இதை எழுத்தில் வாங்குவதில் தயக்கமே வேண்டாம்.

இரண்டாவது, கோச்சிங்கை 'கடைசி வார்னிங்' மாதிரி பயன்படுத்துவது. ஆளை அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டு, 'நாங்க கோச் எல்லாம் வெச்சுப் பார்த்தோம்' என்று கோப்பில் எழுதுவதற்காக ஏற்பாடு செய்தால் அது கோச்சிங்கே இல்லை. ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ 2009-ல் 140 கோச்களிடம் நடத்திய சர்வேயில், தங்களைக் கூப்பிட முக்கியக் காரணம் திறமையானவர்களை வளர்க்க அல்லது புதிய பொறுப்புக்குத் தயார்படுத்த என்று 48 சதவீதம் பேர் சொன்னார்கள். வழிதவறும் நடத்தையைச் சரிசெய்ய என்றவர்கள் 12 சதவீதம்தான். ஆகவே கோச் என்றதும் வேலை போகப்போகிறது என்று பயப்பட வேண்டாம். 'எதுக்காக?' என்று மேலதிகாரியிடம் நேராகக் கேட்டுவிடலாம்.

அதே சர்வேயில் இன்னொரு கவலைக்குரிய தகவல். சொந்தப் பிரச்னைகளுக்காக என்று கூப்பிடப்பட்டது 3 சதவீதம் மட்டுமே. ஆனால் சொந்தப் பிரச்னைகளிலும் உதவியதாகச் சொன்னவர்கள் 76 சதவீதம்! டீம் பிரச்னை என்று ஆரம்பித்து வீட்டுப் பிரச்னை, தூக்கமின்மை, மன அழுத்தம் என்று பேச்சு போவது இயல்புதான். ஆனால் மனச்சோர்வு போன்றவற்றுக்கு கோச் டாக்டர் ஆக முடியாது. உளவியல் பயிற்சி இல்லாத கோச்களால் வரும் ஆபத்து பற்றி 2002-லேயே அதே இதழில் ஸ்டீவன் பெர்க்ளாஸ் எச்சரித்திருக்கிறார். 'இது என் வேலை இல்லை, நீங்க மனநல நிபுணரைப் பாருங்க' என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல கோச்.

மூன்றாவதைச் சொன்னால் சில எச்.ஆர். நண்பர்களுக்குப் பிடிக்காது. பத்து பேர் வேலையை ஆறு பேர் செய்கிறார்கள், டார்கெட் நடக்கவே நடக்காத டார்கெட். இந்த நிலையில் மேனேஜருக்கு கோச் வைத்து 'மன உறுதி' கற்றுக்கொடுத்தால், ஓட்டை டயருக்கு பாலிஷ் போடுகிற கதைதான். அங்கே மாற வேண்டியது ஆள் இல்லை, கம்பெனி.

கோச்சை எப்படித் தேர்வு செய்வது?

டாக்டருக்கும் வக்கீலுக்கும் கவுன்சில் இருக்கிறது, பதிவு எண் இருக்கிறது. கோச்சுக்கு அப்படி எந்த அரசு லைசென்ஸும் இல்லை. இன்றைக்கு விசிட்டிங் கார்டு அடித்தால் நாளைக்கு கோச். இரண்டு நாள் வகுப்பில் சர்டிஃபிகேட் கொடுக்கும் இடங்களும், அந்த சர்டிஃபிகேட்டை வைத்து அடுத்தவருக்கு சர்டிஃபிகேட் கொடுப்பவர்களும் உண்டு.

ஓரளவுக்கு நம்பகமான அளவுகோல், 1995-ல் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐ.சி.எஃப். தரும் மூன்று நிலைச் சான்றிதழ்கள். ஏ.சி.சி. என்றால் குறைந்தது 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம் வேண்டும். பி.சி.சி. என்றால் 500 மணி நேரம். எம்.சி.சி. என்றால் 2,500 மணி நேரம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஆகவே 'வாங்கியிருக்கீங்களா?' என்று கேட்டால் மட்டும் போதாது, 'இப்போ செல்லுபடியாகுதா?' என்றும் கேளுங்கள்.

ஃபீஸ் ஆளுக்கு ஆள் பயங்கரமாக மாறும். மேலே சொன்ன 2009 சர்வேயிலேயே ஒரு மணி நேரத்துக்கு 200 டாலர் முதல் 3,500 டாலர் வரை இருந்தது, நடு மதிப்பு 500 டாலர். அதனால் ஒருவரோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று பேரிடம் பேசிப் பாருங்கள். முதல் அறிமுகச் சந்திப்புக்குப் பலர் கட்டணம் வாங்குவதில்லை. அந்தச் சந்திப்பில் யார் அதிகம் பேசினார்கள் என்று மட்டும் கவனியுங்கள். கோச்சே முக்கால்வாசி பேசி, தன் பெருமையையும் தான் பார்த்த பெரிய மனிதர்களின் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தால் 'சரிங்க சார், சொல்றேன்' என்று எழுந்து வந்துவிடலாம். வாடிக்கையாளர் பேரை இவ்வளவு சுலபமாக வெளியே சொல்பவர், நாளைக்கு உங்கள் பேரையும் சொல்வார்.

கம்பெனி கோச் வைக்கவில்லை, சொந்தக் காசில் முடியாது என்பவர்களுக்கு கோல்ட்ஸ்மித் சொல்லும் ஒரு வழி இருக்கிறது. மாற்றிக்கொள்ள நினைக்கும் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூட வேலை செய்யும் ஒருவரிடம் போய், நடந்ததைப் பற்றி எதுவும் கேட்காமல், "அடுத்த மாசத்துல இதை நான் நல்லா பண்ண ரெண்டு யோசனை சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது விளக்கம் கொடுக்கக்கூடாது, 'அது எப்படின்னா...' என்று ஆரம்பிக்கக்கூடாது, குறித்துக்கொண்டு நன்றி மட்டும் சொல்ல வேண்டும். பிறகு அடுத்தவரிடம் போக வேண்டும். டீமில் உங்களைவிட ஜூனியர் ஒருவரையாவது அந்த லிஸ்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கேட்கும்போது அவர் "எல்லாம் நல்லாதான் இருக்கு சார்" என்றுதான் சொல்வார். ஒரு வாரம் விட்டு மறுபடியும் கேட்க வேண்டியிருக்கும்.